ஐம்பத்து நான்கு இணைப்புகள்

பிப்ரவரி 6, வியாழன்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஏழுமலை வாக்குக் கொடுத்துவிட்டான். ஒர்க்ஷாப்புக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் டிபன் கேரியரைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. "இதோ வந்துட்டாங்க. எங்கக்கா சுகுணா. ஒரகடத்துல பதினோரு வருஷம் கார் ஒயரிங் செஞ்சவங்க. ஒயர் வேலைய இவங்க பாத்துக்குவாங்க" என்று எதிரே நின்றவரிடம் சொன்னான்.

எதிரே நின்றவர் தீர்த்தகிரி. ஜவ்வாது மலைமேல் நெல்லிமரத்தூரில் ஜீப் ஓட்டுகிறவர். அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சந்தைக்கு எல்லாவற்றுக்கும் அவருடைய ஜீப்தான். பொங்கலுக்கு முன்னால் அதன் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மோதி நொறுங்கிய ஒரு காரிலிருந்து நல்ல டீசல் இன்ஜினாகப் பார்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின். அதை ஜீப்பில் உட்கார வைப்பது முனிரத்தினம் அண்ணனின் வேலை. ஒன்பது வருடமாக ஏழுமலையின் ஒர்க்ஷாப்பில் பெரிய மெக்கானிக் அவர்தான்.

பிரச்சினை இது. காரில் இன்ஜின் குறுக்கே கிடந்தது, ஜீப்பில் நீளவாக்கில் உட்காருகிறது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தண்ணீர் படாத இடத்தில், டேஷ்போர்டுக்கு அடியில் வைக்க வேண்டும். காரிலிருந்து எடுத்த ஒயர்க் கட்டு அதுவரை எட்டவில்லை. இரண்டரை அடி குறைகிறது. இருபத்தேழு ஒயர்களை நடுவில் வெட்டி, துண்டு வைத்து நீட்ட வேண்டும். ஒரு ஒயருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆக ஐம்பத்து நான்கு இணைப்பு.

"மார்ச் மூணாந்தேதி பிளஸ் டூ பரிட்சை ஆரம்பம்மா. எங்க ஊர்ல பதினோரு புள்ளைங்க எழுதுது. அதுக்குள்ள வண்டி வேணும்" என்றார் தீர்த்தகிரி.

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

ஒரகடம் கம்பெனி லைனில் ஷிப்டு நோட்டு எழுதிய பழக்கம். இந்த வேலைக்கும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

முழு நாளும் ஒயர்களுக்குப் பெயர் எழுதினேன். பச்சை மேல் கறுப்புக் கோடு, பழுப்பு மேல் வெள்ளைக் கோடு, நீலம் மேல் மஞ்சள் கோடு. கடைக்காரனிடம் இருப்பதோ நாலே நிறம். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை. "எல்லாத்துலயும் கரண்டுதானம்மா போவப்போவுது, கலர்ல இன்னா கீது?" என்கிறான். வாதாடத் தெம்பில்லை. ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் காகிதம் ஒட்டி நம்பர் போட்டேன். ஒன்று முதல் இருபத்தேழு வரை.

முனிரத்தினம் அண்ணன் இன்ஜினைத் தாங்கும் இரும்புக் கால்களுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு என் காகிதங்களைப் பார்த்தார்.

"கல்யாண வூட்டு மொய் கவர் மாதிரி இன்னாத்துக்கு இவ்ளோ காயிதம்?"

"மாறிடுச்சுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?"

"செரி செரி. ஈயம் நீ வெப்பியா, நான் வெச்சுக் குடுக்கட்டுமா?"

"நானே வெச்சுக்குவேன்."

கேட்ட தொனியே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தமயந்தி (ஏழுமலை மனைவி) பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சமையல் என் தலையில். கேஸ் தீர்ந்துவிட்டது. ஈயம் பற்றவைப்பது எப்படி என்று செல்போனில் மூன்று வீடியோ பார்த்தேன். சும்மா, ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை முதல் மாலைவரை மூன்று இணைப்பு. கரண்ட் இல்லை, வந்தாலும் வோல்டேஜ் இல்லை. சால்டரிங் அயர்ன் சூடே ஏறவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பதினொன்று முடிந்தது. ஈயம் ஒயரின் மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. வீடியோவில் இழைக்குள்ளே தண்ணீர் மாதிரி ஓடியது. எனக்கு ஓடவில்லை. வோல்டேஜ்தான் காரணம். மேலே சுருங்கும் பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மெதுவாகத்தான் இழுத்தேன்.

ஒரு விரலில் கொப்புளம். இடுப்பு விட்டுப்போகிறது. ஜீப்புக்குள் டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கீழே போட்டுப் படுத்துக்கொண்டு வேலை செய்ய யாராலும் முடியாது. நடுவில் ஏழுமலை வந்து, "இன்னாக்கா, பதினோரு வருஷ கை, இவ்ளோ நேரமாவுது?" என்றான். ஸ்பேனரைத் தூக்கி எறிந்திருப்பேன். கைக்கு எட்டவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஐம்பத்து நான்கும் முடிந்தது. இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்தால் கட்டு பாம்பு இரை விழுங்கின மாதிரி புடைக்கும். அதனால் ஒன்றை முன்னால், ஒன்றைப் பின்னால் என்று தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன்.

இன்று டேப் சுற்றினேன். இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பாதி மேல் பாதி ஏற, ஒரே இழுவையில், ஒரு சுருக்கம் இல்லாமல். முனிரத்தினம் அண்ணனே கையால் தடவிப் பார்த்தார். "கம்பெனிலருந்து வந்த மாதிரியே கீதும்மா" என்றார். இந்தப் பத்து நாளில் மனசு கொஞ்சம் குளிர்ந்தது இப்போதுதான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஸ்டார்ட் ஆகிவிட்டது! சாவியைத் திருப்பினதும் இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ஏழுமலை விசிலடித்தான். முனிரத்தினம் அண்ணன் எல்லோருக்கும் டீ சொன்னார்.

டீ வந்தபோது இன்ஜின் நின்றது. சொல்லி வைத்த மாதிரி, கிளாஸ் கைக்கு வந்த நேரத்தில். ஆறின பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆனது. இருபது நிமிடம் ஓடியது. மறுபடி நின்றது.

பிப்ரவரி 19, புதன்

டீசல் பில்டர் மாற்றினோம். நின்றது. ஒரு சென்சார் புதிதாகப் போட்டோம். நின்றது. பேட்டரி மாற்றினோம். நின்றது. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது.

முனிரத்தினம் அண்ணன் ஒருமுறைதான் சொன்னார். "ஒயரைப் பிரிச்சுப் பாத்துடலாமா?"

"டேப்பைப் பிரிச்சா மூணு நாள் வேலை போச்சு. முதல்ல உங்க பக்கத்தைப் பாருங்க" என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

தீர்த்தகிரி வந்திருந்தார். இன்று நிற்கவில்லை, இரண்டு மணி நேரம் ஓடியது. அந்த நம்பிக்கையில் அவரையும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் வரை ஓட்டிப் பார்க்கப் போனோம். ஏழுமலை ஓட்டினான், பின்னால் நானும் முனிரத்தினம் அண்ணனும்.

முதல் ஏற்றத்தில் பாதி தூரத்தில் இன்ஜின் அணைந்தது. இன்ஜின் நின்றால் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும், மிதிக்க இரண்டு பங்கு பலம் வேண்டும். ஜீப் பின்னோக்கி உருண்டது. ஏழுமலை இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தான். பின்பக்கம் பள்ளம். முனிரத்தினம் அண்ணன் குதித்து இறங்கி, ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். வண்டி அதில் முட்டி நின்றது.

தீர்த்தகிரி இறங்கி, பள்ளத்தின் ஓரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இது எங்க ஊரு ரோட்டோட பார்த்தா சமதரை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் போனதும் கண்ணில் பட்டது. இன்ஜினிலிருந்து வண்டிச் சட்டத்துக்குப் போகிற எர்த் பட்டை. போல்ட்டைச் சுற்றிலும் பழைய பெயின்ட். பெயின்ட் மேல் எர்த் கொடுத்தால் சூடேறும்போது பிடிப்பு விடும், இது யாருக்கும் தெரிந்த விஷயம்.

ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரு. பெயின்ட்டைச் சுரண்டாமயே மாட்டியிருக்கார்."

நேற்றைய பயம் அவனுக்கு இன்னும் இறங்கவில்லை. எல்லாக் கோபத்தையும் முனிரத்தினம் அண்ணன் மேல் கொட்டிவிட்டான், நேற்று இங்கேயே தங்கிவிட்ட தீர்த்தகிரியை வைத்துக்கொண்டே. "ஒரு எர்த் போல்ட்டை ஒழுங்கா மாட்டத் தெரியாதா? நேத்து நாலு பேரும் செத்திருப்போம். கண்ணு தெரியலன்னா வூட்ல குந்திக்கினு இரு."

முனிரத்தினம் அண்ணன் கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "சுரண்டித்தான் மாட்னேன்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நான் அந்தப் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டினேன்.

மாலையில் ரேஷன் கடை. பாமாயில் இல்லையாம்.

பிப்ரவரி 22, சனி

மறுபடி நின்றது. ஏழுமலை கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஒர்க்ஷாப் லீவு. சாவி வாங்கிக்கொண்டு போய் ஜீப்பைப் பார்த்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு இடத்தில் டேப் சரியில்லை. அதைச் சரிசெய்தேன். இன்ஜினை ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டேன், நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். எல்லாத் துணியும். பெட்டியில் மடித்து வைத்திருந்ததையும் எடுத்துத் துவைத்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

அடிவாரம் வரை இரண்டு தடவை போய் வந்தோம். நிற்கவில்லை. ஏழுமலைக்குத் தலைகால் புரியவில்லை. "எர்த்துதான்க்கா! நீ சொன்னது கரெக்டு. எங்கக்கா கண்டுபுடிச்சுது" என்று பக்கத்து லேத்துப் பட்டறை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

எனக்குத் தலைவலி.

பிப்ரவரி 25, செவ்வாய்

நிற்கவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 26, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ வாங்கப் போனபோது முனிரத்தினம் அண்ணனைப் பார்த்தேன். ஒரு பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீசல் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற மனுஷன். ஊர் முழுக்க எர்த் போல்ட் கதை போயிருக்கிறது. அதனால் வேறு எந்த ஒர்க்ஷாப்பும் கூப்பிடவில்லையாம், பூக்காரி சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன்.

வாங்கின பூவை அங்கேயே எங்கோ வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தமயந்தி கேட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

தீர்த்தகிரி சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வார். "கம்ப்யூட்டர் இன்ஜின் இனிமே வந்தா தைரியமா எடுக்கலாம்க்கா, நீ இருக்கியே" என்கிறான் ஏழுமலை.

பிப்ரவரி 28, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை எழுதினது பொய். இது என்னைத் தவிர யாரும் படிக்காத நோட்டு. இதிலேயே பொய் எழுதினவள் வேறெங்கே உண்மை சொல்லப்போகிறேன் என்று காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அன்று இன்ஜினை ஓடவிட்டு, ஒயர்க் கட்டை அங்கங்கே பிடித்து அசைத்தேன். டேஷ்போர்டுக்கு அடியில், வளைவுக்குப் பக்கத்தில் அசைத்ததும் இன்ஜின் அணைந்தது. டேப்பைப் பிரித்தேன். பதினாலாம் நம்பர் ஒயர். இன்ஜின் சுற்றுகிற வேகத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற ஒயர், அது விட்டால் இன்ஜின் அந்தக் கணமே நிற்கும். ஸ்லீவை வெட்டினேன். ஈயம் உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தது. இழைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. விரலால் தொட்டதும் ஒயர் கழன்று கையோடு வந்தது. சூடாகும்போது விலகியிருக்கிறது, ஆறும்போது ஒட்டியிருக்கிறது. என் கை வைத்த இணைப்பு.

அதை மட்டும் புதிதாக ஒட்டினேன். அழகாக டேப் சுற்றினேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை அந்த எர்த் போல்ட்டைக் கழற்றினபோது அடியில் இரும்பு பளபளவென்று இருந்தது. வட்டமாக, சுத்தமாகச் சுரண்டியிருந்தார். பெயின்ட் சுற்றிலும்தான் இருந்தது, அடியில் இல்லை. அவர் சைக்கிள் அப்போது தெருமுனைகூடத் தாண்டியிருக்காது. கூப்பிட்டிருக்கலாம். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன், ஏற்கனவே சுத்தமாக இருந்ததை.

இன்னும் ஒன்று. பதினோரு வருடத்தில் நான் ஒரு ஒயரைக்கூட ஒட்டியதில்லை. ஒட்டுகிற மெஷின் வேறு ஹாலில். நான் டேப் லைன். பலகைமேல் பரப்பி வைத்த ஒயர்களுக்குக் கணக்குப்படி டேப் சுற்றுவேன், ஷிப்டுக்கு நூற்றுநாற்பது கட்டு. ஏழுமலை "ஒயரிங் செஞ்சவங்க" என்று சொன்னபோது திருத்தியிருக்க வேண்டும். அந்த லைனை மூடி வீட்டுக்கு அனுப்பிய பிறகு, தம்பி வீட்டில் சோறு சாப்பிடுகிறவளைப் பற்றி அந்தத் தம்பியே பெருமையாகச் சொன்னான். கேட்க நன்றாக இருந்தது.

மதியம் முனிரத்தினம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கலக்குவதை அவர் நிறுத்தவில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்ணா."

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? சுரண்டுனது எனக்குத் தெரியும். தீர்த்தகிரிய வெச்சுக்கினு இல்ல என்னைப் பேசுனான் உன் தம்பி? அவங்க ரெண்டு பேரு முன்னாடியும் சொல்லு."

"நாளைக்குத் தீர்த்தகிரிண்ணன் வராரு. நீங்களும் வாங்கண்ணா."

"பாக்கலாம்" என்றார். தவிட்டுக் கையோடு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 1, சனி

சொன்னேன்.

தீர்த்தகிரி ஜீப்புக்கு மாலை வாங்கி வந்திருந்தார். ஏழுமலை எலுமிச்சம்பழம் நறுக்க ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வாசலுக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி முனிரத்தினம் அண்ணன் நின்றார். உள்ளே வரவில்லை. அவரைப் பார்த்ததும், இப்போது விட்டால் முடியாது என்று ஆரம்பித்துவிட்டேன். பதினாலாம் ஒயர், போல்ட், டேப் லைன், எல்லாம்.

ஏழுமலை முகம் கறுத்துவிட்டது. "என்னை ஏங்க்கா பேச வெச்ச? அந்த மனுசனை நான் இன்னா பேச்சு பேசுனேன்! அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." முடிக்காமல் போய் லேத்துப் பட்டறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

தீர்த்தகிரிதான் பேசினார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மாலையை ஜீப் மூக்கின்மேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு போச்சு, அதைச் சரிபண்ணிட்ட. மத்தது அம்பத்து மூணும்?"

நான் டேப் சுற்றின கட்டைப் பார்த்தேன்.

"பதினோரு புள்ளைங்கம்மா. எல்லாம் நீ வெச்ச ஈயந்தானே?"

"ஆமாண்ணா."

"அப்ப நான் எப்டி ஏத்திக்கினு போவேன்?"

நாளை மறுநாள் பரிட்சை. ஜீப் இல்லாவிட்டால் பிள்ளைகள் இருட்டிலேயே கிளம்பி ஏழு கிலோமீட்டர் நடந்து பஸ் பிடிக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி இந்நேரம் மாலையோடு மலை ஏறிக்கொண்டிருக்கும். சொன்னதால் இப்போது வண்டியும் இல்லை. ஒரு நிமிடம், ஏன்தான் சொன்னேனோ என்றுகூட நினைத்தேன். எழுதிவிடுகிறேன், நினைத்தது நிஜம்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. முனிரத்தினம் அண்ணன் உள்ளே வந்தார். ஏழுமலையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கின தன் பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மொத்தத்தையும் பிரிச்சுடலாம். ஒண்ணொண்ணா இழுத்துப் பாக்கலாம். நீ பிரி, நான் இழுக்கறேன்" என்றார்.

என் பதினாறாம் தேதி டேப் முழுவதையும் நானே பிளேடு போட்டுக் கிழித்தேன். கறுப்புச் சுருள் காலடியில் குவிந்தது. ஏழுமலை கொஞ்ச நேரம் கழித்து டீ வாங்கிவந்து முனிரத்தினம் அண்ணனிடம் நீட்டினான். "அண்ணா" என்றான். அதற்குமேல் வரவில்லை. அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. கிளாஸ் சுட்டிருக்கும், ஏழுமலை கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு வாங்கிக்கொண்டார்.

மார்ச் 2, ஞாயிறு

காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம். ஸ்லீவை வெட்டுவது நான். முனிரத்தினம் அண்ணன் இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார். நான் இழுத்த மாதிரி இல்லை, கழுத்து நரம்பு தெரிய இழுத்தார். தீர்த்தகிரி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினார்.

முதல் இருபது தாங்கியது. எனக்கு மெல்ல மூச்சு வந்தது. முப்பது, முப்பத்தைந்து. பிறகு இருபத்திரண்டாம் நம்பர் ஒயரின் இரண்டாவது இணைப்பு. முனிரத்தினம் அண்ணன் பிடித்தார். இழுக்கவே இல்லை, பிடித்ததுமே இரண்டாக வந்துவிட்டது. இன்ஜினுக்குப் போகிற டீசலின் அழுத்தத்தைப் பார்க்கிற சென்சாருடையது. இதுவும் விட்டால் நிற்கும்.

அவர் இரண்டு முனைகளையும் என் உள்ளங்கையில் வைத்தார். தீர்த்தகிரி எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

நேற்று வண்டி போயிருந்தால் இது எந்த வளைவில் விட்டிருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம்.

மீதி தாங்கியது. ஆனால் தாங்கினதையும் விட வேண்டாம் என்று முனிரத்தினம் அண்ணன் சொன்னார். உருண்டையாக நின்ற பத்தொன்பது இணைப்பை மறுபடி ஒட்டினோம். லேத்துப் பட்டறையிலிருந்து ஸ்டெபிலைசர் வாங்கிவந்தான் ஏழுமலை. முனிரத்தினம் அண்ணன் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஈயத்தை அயர்ன் மேல தொடாத. ஒயர் மேல தொடு. ஒயரே சூடாயி இழுத்துக்கணும்." இழுத்துக்கொண்டது. இழைக்குள்ளே ஓடி மறைந்தது. இவ்வளவுதானா என்று அழுகையாக வந்தது. எட்டாம் தேதி அவர் கேட்டபோது சரி என்று சொல்லியிருந்தால் போதும்.

மூன்றரை மணிக்கு டேப் சுற்றி முடித்தேன். அவசரத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறது, அங்கங்கே தடித்திருக்கிறது. யாரும் கம்பெனி வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

தீர்த்தகிரி சாவியை வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் ஸ்டார்ட் பண்ணவில்லை.

"நீயும் ஏறும்மா" என்றார்.

"எங்கண்ணா?"

"மேல. எங்க வூட்ல தங்கிக்க. காலைல புள்ளைங்களோட நீயும் எறங்கு."

ஏழுமலை ஏதோ சொல்ல வாயெடுத்தான். முனிரத்தினம் அண்ணன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். நான் ஏறிக்கொண்டேன். மாற்றுப் புடவைகூட எடுக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

மலையில் விடியும்போது குளிர் எலும்பில் இறங்குகிறது. தீர்த்தகிரியின் மனைவி கொடுத்த கம்பளியோடு ஆறரை மணிக்கு ஜீப்பில் முன்னால் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நெருக்கியடித்து ஏறினார்கள். என் தோளுக்குப் பின்னால் செல்லக்கிளி என்று ஒரு பெண். திருநீறு, இரட்டைச் சடை, மடியில் தமிழ்ப் புத்தகம்.

இறங்க ஆரம்பித்ததும் பிள்ளைகள் படிக்கிற சத்தத்தை நான் கேட்கவில்லை. இன்ஜினை மட்டும் கேட்டேன். இருபது நிமிடம் ஆனது. இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்கும். இடது பக்கம் மரங்களின் உச்சி கீழே தெரிந்தது. ஒரு வளைவில் தீர்த்தகிரி கியர் மாற்றியபோது வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. என் கை தானாகப் போய் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, ஒங்களுக்கு இன்னா பரிட்சை?" என்றாள் செல்லக்கிளி. பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

"இந்த வண்டிக்கு ஒயர் வேலை செஞ்சது நான்" என்றேன்.

"அப்ப எதுக்கு பயப்படறீங்க?"

"அதனாலதான்."

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டாள். தீர்த்தகிரி ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட வாசல். இன்ஜின் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. பிள்ளைகள் குதித்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். ஒருத்தி பேனாவை மறந்துவிட்டு ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தீர்த்தகிரி என்னைப் பஸ் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டார்.

"அடுத்த பரிட்சை வியாழக்கெழமை" என்றார்.

"புதன் சாயந்தரமே மேல வந்துடறேன்ணா."

"வேணாம். நீ வர வேணாம்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். முதலில் சுருக்கென்று தைத்தது. இவ்வளவும் செய்த பிறகு இப்படியா என்று கோபம்கூட வந்தது. ஊருக்குத் திரும்பப் போளூர் பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, பாதி வழி வந்த பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. நான் கூட உட்காராமலே அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குவேன் என்கிறார்.